பன்னிரண்டு நாள் தற்செயல் துக்கம்

ஓர் அலுவலகத்தில் ஒருவர் மேலே போவதற்கு, அவருக்கு முன்னால் இருப்பவர் வெளியே போக வேண்டும் என்பது தொன்றுதொட்டு வரும் நியதி. இதில் திறமைக்கும் இடமில்லை, திறமையின்மைக்கும் இடமில்லை. ஆகவே யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை. நாற்காலியில் இருந்தவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். எழாவிட்டால் அடுத்தவர் காத்திருப்பார். எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் இந்த நியதியை நம்பியே அறுபது ஆண்டுகளை ஓட்டியது. ஊர்க்காரர்கள் பிறந்தார்கள், இறந்தார்கள், சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அலுவலகத்தில் நாங்கள் மொத்தம் பதினாலு பேர். கீழ்த்தளத்தில் இரண்டு கவுண்டர்கள், நடுவே ஒரு பலகைத் தடுப்பு. ஒன்றின் மேல் 'பிறப்பு' என்றும் மற்றதன் மேல் 'இறப்பு' என்றும் எழுதியிருக்கும். உட்கார்ந்திருக்கும் எழுத்தர்களுக்கும் நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. "இறப்பு டீ குடிக்கப் போயிருக்கார், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவார்" என்று நாங்கள் சொன்னால் புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். இரண்டாம் தடவை வரும்போது அவர்களே ஜன்னலில் எட்டிப்பார்த்து, "இறப்பு இருக்காரா?" என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிடுவார்கள்.

இறப்பு அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடமாக இருந்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியாது. எதிரே நிற்பவர் அழுதாலும், சண்டை போட்டாலும், அழுதுகொண்டே சண்டை போட்டாலும், அவர் பார்ப்பது காகிதத்தைத்தான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் கவுண்டருக்கு முன்னால் மட்டும் ஒரு நாற்காலி போட்டிருக்கும். நூலில் கட்டிய பேனா எழுதும். ஒரு செம்பில் தண்ணீர் இருக்கும். சான்றிதழை எழுதுமுன் இறந்தவர் பெயரைத் துண்டுச்சீட்டில் பென்சிலால் பெரிதாக எழுதி, எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி வைப்பார். அன்றைய நிலையில் யாருக்கும் காது சரியாகக் கேட்காது, கண்ணால் பார்த்துச் சரிசொல்வது சுலபம் என்பது அவர் கண்டுபிடிப்பு. தலையாட்டினால் எழுதுவார். இருபது நிமிடத்தில் ஆள் வெளியே போயிருப்பார். திரும்ப வர வேண்டியிருக்காது.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மாடியில் கண்காணிப்பாளர் அறை. அதற்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. கதவில் பதவியின் பெயர் எழுதிய பலகையும் உண்டு. பொண்ணு பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், ஏதோ விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'இறப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. அன்றிலிருந்து அவர் மனைவிக்கு ஒரே பல்லவி. "ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது உங்களை வேற பேர் சொல்லிக் கூப்பிடட்டும்" என்பார். இரண்டு தடவை அந்த நாற்காலி காலியாகி, இரண்டு தடவையும் வெளியூரிலிருந்து மாற்றலில் வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதைய கண்காணிப்பாளர் அடுத்த ஆண்டுக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். இறப்புக்கு அதற்கு மேல் ஒரு வருடம்தான் சர்வீஸ். இதைவிட்டால் இல்லை.

சீனியாரிட்டியில் அவர்தான் முதல். அடுத்தவர் பிறப்பு, ஏழு வருடம் ஜூனியர். ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்திருந்த வேளையில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.

இனிமேல் பதவி உயர்வுக்கு நூறு மதிப்பெண். அதில் சீனியாரிட்டிக்கு நாற்பது. மீதி அறுபதும் 'உணர்ச்சி நுண்ணறிவு'க்கு. அதற்கான பயிற்சி மூன்று நாள் நடைபெறும். பயிற்சியில் கலந்துகொள்ளாதவர்கள் உணர்ச்சியற்றவர்களாகக் கருதப்படுவர்.

பயிற்சியாளர் கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு வந்தார். அவர் கம்பெனி இதற்கு முன் இதே பயிற்சியை ஒரு விமான நிறுவனத்துக்கும் ஒரு சிறைச்சாலைக்கும் கொடுத்திருந்ததாகத் தெரிந்தது. எங்களை இருவர் இருவராக உட்காரவைத்து, இரண்டு நிமிடம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கச் சொன்னார். பிறப்புக்கு எதிரே இறப்பு. இரண்டு நிமிடம் முடிந்ததும் பிறப்பிடம் என்ன தோன்றியது என்று கேட்டார். சமுத்திரம் தெரிந்தது என்று பிறப்பு சொன்னார். பயிற்சியாளர் கைதட்டினார். இறப்பிடம் கேட்டார்.

"அவருக்கு இடது கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கு. டாக்டரைப் பார்க்கச் சொல்லணும்னு தோணுச்சு."

பயிற்சியாளர் தன் தாளில் 'பரிவு: இல்லை' என்று குறித்துக்கொண்டார். பிறப்பு அடுத்த மாதம் டாக்டரைப் பார்த்தார். புரைதான்.

மூன்றாம் நாள் மாலை பயிற்சியாளர் எழுந்து நின்று, தன் பயிற்சியின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னார். உணர்ச்சிகளை அடக்கவும் கூடாது, அவிழ்த்துவிடவும் கூடாது, நிர்வகிக்க வேண்டும். சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். அவர் பாவம், அலுவலகத்தைப் பற்றி அறியாதவர். நிர்வகிப்பது என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் நிர்வாகப் பிரிவின் தலைமை எழுத்தரை எல்லோரும் விதியம்மா என்போம். அவருடைய இரும்பு பீரோவில் எல்லா விதிப் புத்தகங்களும் இருந்தன. பீரோவில் இல்லாதவை அவர் தலையில் இருந்தன. அலுவலகத்துக்கே தலைவரான அதிகாரி அவரைக் கூப்பிட்டு, உணர்ச்சிகளை நிர்வகிக்க விதி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றார் விதியம்மா. இல்லாவிட்டால் உண்டாக்கும்படி அதிகாரி சொன்னார். அவகாசம் இரண்டு நாள். இரண்டு நாளில் விதி படைக்க பிரம்மனாலும் ஆகாது. விதியம்மா என்ன செய்வார்? விடுப்பு விதிகளை எடுத்தார். 'விடுப்பு' என்று வந்த இடத்திலெல்லாம் 'உணர்ச்சி' என்று போட்டார். வேறு ஓர் எழுத்தையும் தொடவில்லை.

புதிய விதிகளின்படி ஒவ்வொரு ஊழியருக்கும் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் உணர்ச்சி. முன்அனுமதி பெற்றே அனுபவிக்க வேண்டும். அரை நாள் உணர்ச்சியும் உண்டு. உணர்ச்சியில் செல்பவர் தம் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள முகவரி தந்துவிட்டுச் செல்ல வேண்டும். மூன்று நாளுக்கு மேற்பட்ட உணர்ச்சிக்கு மருத்துவச் சான்று தேவை. ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் ஏற்படும் உணர்ச்சி கணக்கில் சேராது. அனுமதியின்றி உணர்ச்சியில் இருப்பவர் பணியைத் துறந்தவராகக் கருதப்படுவார். விண்ணப்பப் படிவத்தில் 'கோபம் / துக்கம் / மகிழ்ச்சி' என்று அச்சடித்து, 'வேண்டாததை அடித்துவிடவும்' என்று கீழே போட்டிருந்தது.

நாங்கள் சிரித்தோம் என்று நினைக்கக் கூடாது. சிரிப்பதற்கும் படிவம் இருந்தது.

முதலில் அனுபவித்தவர் அலுவலக உதவியாளர். ஊர்ச் செய்தியெல்லாம் அவரிடம் இருப்பதால் அவரை 'தகவல்' என்போம். ஒருநாள் காலை பத்தரைக்கு டைப்பிஸ்ட் அவர் மேல் டீயைக் கொட்டிவிட்டார். தகவல் வாயைத் திறந்தார். விதியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சாங்ஷன் இருக்கா?"

தகவல் வாயை மூடிக்கொண்டு படிவம் நிரப்பினார். துக்கத்தையும் மகிழ்ச்சியையும் அடித்தார். அரை நாள் கோபம். கண்காணிப்பாளர் பரிந்துரைத்து, அதிகாரி மீட்டிங்கிலிருந்து வந்து கையெழுத்திட்டபோது மணி மூன்றரை. அதற்குள் டைப்பிஸ்ட் பர்மிஷனில் வீட்டுக்குப் போயிருந்தார், தகவலுக்கும் ஆறிப்போயிருந்தது. ஆனால் அனுமதித்த கோபத்தை அனுபவிக்காமல் விட்டால் விளக்கம் கேட்பார்கள். ஆகவே அவர் ஐந்தரை மணிவரை தண்ணீர் ஃபில்டருக்கு முன்னால் நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார். ஃபில்டருக்குக் கிடைத்த திட்டில் பாதி நியாயமானதுதான்.

பிறப்பு வேறு மாதிரி. அவர் ஆண்டு பிறந்த முதல் நாளே பன்னிரண்டு நாள் மகிழ்ச்சிக்கு எழுதிக் கொடுத்தார், மருத்துவச் சான்றோடு. மகிழ்ச்சியில் இருப்பவர் வேலை பார்க்கக் கூடாது என்பதால் பிறப்புக் கவுண்டரின் ஷட்டர் இறங்கியது. பன்னிரண்டு நாளும் அவர் உள்ளே உட்கார்ந்து விதிப்படி மகிழ்ந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை என்று பதிவேடு சொல்கிறது.

இறப்பு ஒரு படிவமும் கேட்கவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. பத்தொன்பது வருடமாக எப்படியோ அப்படியே துண்டுச்சீட்டு, பென்சில், இருபது நிமிடம். அதிகாரி அறைக்கு வெளியே உணர்ச்சி இருப்பு அட்டவணை ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் கணக்கு மாதா மாதம் கரைய, அவர் பெயருக்கு நேரே 'இருப்பு: 12' என்று அசையாமல் நின்றது. இதைவிடச் சிறந்த நிர்வாகம் உண்டா என்று அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். அறுபதுக்கு அறுபது அவருக்குத்தான் என்று விதியம்மாவும் சொன்னார்.

அவர் மனைவி தையல் தைப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தகவலைப் பிடித்து மாடி ஜன்னலின் அளவை வாங்கிக்கொண்டு போய், இளம்பச்சைத் துணியில் திரை தைத்து மடித்து வைத்துவிட்டார்.

ஆண்டு முடியப் பன்னிரண்டு வேலை நாட்கள் இருக்கும்போது பயிற்சியாளர் மதிப்பீட்டுக்கு வந்தார். அட்டவணையைப் பார்த்தார். இறப்பின் பெயரில் விரலை வைத்து, இந்த ஊழியர் ஆண்டு முழுவதும் ஓர் உணர்ச்சிகூடப் படவில்லையே என்றார். அதுதானே சிறப்பு என்றார் அதிகாரி. பயிற்சியாளர் பரிதாபமாகத் தலையை ஆட்டி, பட்டால்தானே நிர்வகிக்க முடியும், படாதவர் எதை நிர்வகித்தார் என்று கேட்டார்.

அதிகாரி விதியம்மாவைப் பார்த்தார். விதியம்மா சிறிது யோசித்தார். எந்தப் பிரிவாக இருந்தாலும் ஒதுக்கியதைச் செலவழிக்காமல் வைத்திருப்பது திறமைக் குறைவு என்பதற்கு அவரிடம் பழைய ஆணை ஒன்று இருந்தது. பைப்பும் சிமெண்டும் வாங்கும் பிரிவுக்காகப் போட்டது. பொருந்தாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே கணக்கு தலைகீழானது. அனுபவித்த ஒவ்வொரு நாள் உணர்ச்சிக்கும் ஐந்து மதிப்பெண். பன்னிரண்டையும் முதல் மாதத்திலேயே முடித்திருந்த பிறப்புக்கு அறுபது. சீனியாரிட்டி முப்பத்து மூன்று. ஆகத் தொண்ணூற்று மூன்று. இறப்புக்கு சீனியாரிட்டி நாற்பது, உணர்ச்சி சைபர். பிறப்பைத் தாண்ட வேண்டுமென்றால் மீதியிருக்கும் பன்னிரண்டு நாளில் குறைந்தது பதினோரு நாள் அவர் உணர்ச்சிவசப்பட்டாக வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னாராம். இதைத் தகவல்தான் பிறகு எங்களுக்குச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்பதில்லை. மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம்.

"பன்னெண்டா? கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருஷத்துல நான் பார்த்தது ரெண்டு. பொண்ணு பொறந்தப்ப ஒண்ணு, உங்கம்மா போனப்ப ஒண்ணு."

"அந்த ரெண்டும் ஞாயித்துக்கிழமை. கணக்குல வராது."

கோபம் அவருக்கு வராது. மகிழ்ச்சி, அவர் பார்க்கும் வேலையில், பார்க்கச் சரியாக இருக்காது. ஆகவே துக்கம் என்று இருவருமாக முடிவுசெய்தார்கள். மறுநாள் பன்னிரண்டு படிவம் எழுதிக் கொடுத்தார். துக்கத்துக்குக் காரணம் என்ற இடத்தில், பொய் எழுதி வழக்கமில்லாததால், அன்றன்றைக்கு வரிசையில் முதலில் இருக்கும் மனுவின் எண்ணைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். எல்லாம் அனுமதிக்கப்பட்டன. மருத்துவச் சான்றைப் பிறப்பே தன் டாக்டரிடம் வாங்கிக் கொடுத்தார். அவர் கெட்டவர் அல்ல. பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான்.

இறப்புக் கவுண்டரின் ஷட்டர் இறங்கியது. அதன் மேல் விதியம்மா கையெழுத்தில் ஓர் அறிவிப்பு: 'இறப்பு துக்கத்தில் உள்ளார். பிறகு வரவும்.'

என் மேசை அனுப்புகை மேசை. அந்தக் கவுண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தது. ஷட்டருக்கு உள்ளே அவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். பென்சிலைச் சீவுவார். சீவிய பென்சிலை மறுபடி சீவுவார். வெளியே வந்தவர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு, யாரோ தங்களைப்போல ஒருவர் என்று நினைத்து, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும்.

ஒன்பதாம் நாள் மேலிடத்திலிருந்து அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. தங்கள் நகரில் கடந்த ஒன்பது நாட்களாக ஓர் இறப்புகூட நிகழவில்லை என்பது தினசரி அறிக்கையிலிருந்து தெரியவருகிறது. இந்தச் சாதனைக்குக் கையாண்ட வழிமுறைகளை மற்ற நகரங்களும் பின்பற்ற ஏதுவாகத் தெரிவிக்கவும். அதிகாரி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். வழிமுறை என்ன என்று எழுத விதியம்மா ஒரு கோப்பைத் திறந்தார்.

பத்தாம் நாள் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை. அவர் வருவது அது நான்காம் தடவை. அக்கா போய்விட்டார், அக்கா பொண்ணைத் தன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், தாய் இல்லை என்பதற்குச் சான்று கேட்கிறார்கள், மறுநாளோடு அட்மிஷன் முடிகிறது. இதையெல்லாம் என்னிடம் சொன்னார். நான் அனுப்புகைப் பிரிவு என்று சொன்னேன். அவர் ஷட்டரை விரலால் தட்டினார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

பிறகு உள்ளேயிருந்து, "இருக்கேன். துக்கத்துல இருக்கேன்" என்று குரல் வந்தது.

"நானும் அதுலதான் சார் இருக்கேன்."

"உங்களுக்கு அனுமதி வேண்டாம். எனக்கு வேணும். வாங்கிட்டேன். அதனால வேலை பார்க்கக் கூடாது."

கண்டக்டர் இதை யோசித்தார். யாருக்காகத் துக்கம் என்று மரியாதையாக விசாரித்தார். உள்ளே காகிதம் புரளும் சத்தம்.

"மனு எண் நானூத்திப் பதினேழு."

கண்டக்டர் பையிலிருந்து ஒப்புகைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"அது எங்க அக்கா சார்."

உள்ளே பென்சிலை எடுக்கும் சத்தம் கேட்டது.

"எங்க அக்காவுக்காகவா சார் பூட்டி வெச்சிருக்கீங்க?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இரண்டு நிமிடம் கழித்து, ஷட்டருக்கும் மேடைக்கும் நடுவே இருந்த விரற்கடை இடுக்கு வழியாக, பென்சிலால் பெரிதாக ஒரு பெயர் எழுதிய துண்டுச்சீட்டு வெளியே வந்தது. கண்டக்டர் அதைப் பார்த்து, ஓர் எழுத்துக்குத் துணைக்கால் போட வேண்டும் என்று சொன்னார். சீட்டு உள்ளே போனது. திருத்தி வெளியே வந்தது. கண்டக்டர் தலையாட்டினார், ஷட்டருக்குத் தலையாட்டுவது தெரியாது என்று நினைவு வந்து, "சரி சார்" என்றார். இருபது நிமிடத்தில் சான்றிதழ் அதே இடுக்கு வழியாக வந்தது.

ஒரு நாள் துக்கம் கெட்டது. ஆனால் பன்னிரண்டில் பதினொன்று இருந்தால் போதும் என்பது இறப்புக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒன்றை இழக்க அவருக்கு வசதியிருந்தது. கேட்டால் நாங்கள் பார்க்கவில்லை என்று சொல்லவும் தயாராக இருந்தோம்.

கெட்டது கண்டக்டரால்தான். கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா? ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பதினோராம் நாள் காலை ஷட்டருக்கு முன்னால் பதினேழு பேர். யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொருவராக வந்து தங்கள் மனுவை இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அவற்றை அப்படியே வெளியே தள்ளியிருக்கலாம். இரண்டாவது நாள் போனால் பதினொன்று பத்தாகும், பத்துக்கு ஐம்பது, நாற்பதோடு சேர்த்தால் தொண்ணூறு, பிறப்புக்குத் தொண்ணூற்று மூன்று. இந்தக் கூட்டல் தெரியாதவர் அல்ல அவர். ஷட்டருக்குள்ளே சிறிது நேரம் பென்சில் சீவும் சத்தம் கேட்டது. பிறகு முதல் துண்டுச்சீட்டு வெளியே வந்தது.

பதினேழையும் முடித்தபோது மணி ஐந்தரை. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு கடிதம் வந்தது. பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டு அதிகாரிக்கு எழுதியிருந்தார்கள். 'தாங்க முடியாத துக்கத்தில் இருந்தபோதும், எங்கள் துக்கத்தைத் தம் துக்கமாக எண்ணி, பூட்டிய கதவுக்குள்ளிருந்தே வேலை செய்து கொடுத்த இறப்பு அவர்களுக்கு எங்கள் நன்றி.' அதை நான்தான் பதிவு செய்து அதிகாரி மேசையில் வைத்தேன். வழியில் தொலைத்திருக்கலாம். அனுப்புகைப் பிரிவில் அதற்கும் விதி உண்டு, எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி அதைப் படித்தார். நிமிர்ந்து கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். அன்று பகலே குறிப்பாணை போயிற்று.

'தாங்கள் அனுமதிக்கப்பட்ட துக்கத்தில் இருந்துகொண்டே பணியாற்றியுள்ளது நன்றிக் கடிதத்தின் மூலம் நிரூபணமாகிறது. ஆகவே தங்கள் பன்னிரண்டு நாள் துக்கமும் ரத்து செய்யப்படுகிறது. மேலும், ஒன்பது நாட்களாக இறப்பே இல்லாதிருந்த இந்நகரில், தங்கள் கையெழுத்தினால் இரண்டே நாட்களில் பதினெட்டுப் பேர் இறந்துள்ளனர். இதற்கான விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் அளிக்கவும்.'

இறப்பு ஒரே வரியில் விளக்கம் எழுதினார். பதினெட்டுப் பேரும் தாம் கையெழுத்திடுவதற்கு முன்பே இறந்திருந்தனர் என்பதைப் பணிவுடன் தெரிவித்து, ஆதாரமாகப் பதினெட்டு இறப்புச் சான்றிதழ்களின் நகலையும் இணைத்திருந்தார். சான்றிதழ் அளித்தவரே அதற்குச் சாட்சியாகவும் இருப்பது ஏற்புடையதல்ல என்று விதியம்மா ஓரத்தில் குறிப்பு எழுதினார். எழுதிவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அதற்கு அவர் படிவம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பிறப்பு கண்காணிப்பாளரானார். முதல் நாள் மாடியேறிப் போனபோது, அறை ஜன்னலில் இளம்பச்சைத் திரை ஒன்று தொங்கியது. இறப்பின் மனைவி தகவலிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டில் எந்த ஜன்னலுக்கும் அளவு சேரவில்லையாம்.

அதன்பின் ஒரு வருடம் ஷட்டர் திறந்தே இருந்தது. இறப்பு வழக்கம்போல எழுதினார். படிவம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுக் கடைசியில் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்துக்குத் துணியில் பேனர் எழுத வந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பணிப்பதிவேடு விதியம்மாவின் பீரோவில் இருந்தது. அவர் அன்று வரத் தாமதம். காத்திருக்க நேரமில்லை. 'இறப்புக்குப் பிரிவு உபசார விழா' என்று எழுதி மாட்டினோம். அவர் வந்து, நின்று, படித்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

எல்லோரும் உட்கார்ந்தோம். மாலை போட்டோம். அப்போதுதான் புதிய கண்காணிப்பாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிரிவு உபசாரம் என்றால் துக்கம் தெரிவிக்க வேண்டும். யார் கணக்கில் துக்கம் இருக்கிறது?

அட்டவணையைக் கொண்டுவரச் சொன்னார்கள். யார் கணக்கிலும் இல்லை. சென்ற ஆண்டு கடைசியில் இறப்பு பட்ட பாட்டைப் பார்த்திருந்ததால், நாங்கள் எல்லோரும் பன்னிரண்டையும் ஆண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே அனுபவித்து முடித்திருந்தோம். அதிகாரியின் கணக்கும் காலி. அனுமதியின்றித் துக்கப்பட்டால் பணியைத் துறந்ததாகக் கருதுவார்கள். பதின்மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் எதுவும் தெரியாமல், அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விதியம்மா அட்டவணையில் கடைசி வரிக்கு வந்தார். 'இறப்பு – இருப்பு: 12.'

விடுப்பு விதிகளில், ஓர் ஊழியர் தம் கணக்கில் இருப்பதைச் சக ஊழியருக்கு வழங்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு, நோயுற்றவர்களுக்காக ஏற்படுத்தியது. விதியம்மா அதை எடுத்து மெதுவாகப் படித்துக்காட்டினார். இறப்பு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பன்னிரண்டு துக்கம், பதின்மூன்று பேர். பதினோரு பேருக்கு ஒவ்வொன்று, மீதி இரண்டு பேருக்கு அரை அரை நாள் என்று துண்டுச்சீட்டில் எழுதி, சரிபார்க்கும்படி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

நாங்கள் தலையாட்டினோம். படிவங்கள் வந்தன, கோபத்தையும் மகிழ்ச்சியையும் அடித்தோம், அதிகாரி கையெழுத்திட்டார். பிறகு முறைப்படி அழுதோம். புதிய கண்காணிப்பாளர் பயிற்சி பெற்றவர் ஆகையால் நன்றாகவே அழுதார்.

வாசலில் மட்டும் ஒருவர் சாங்ஷன் வரும்வரை காத்திராமல் அழுதுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை. யார் அது, எந்தப் பிரிவு என்று அதிகாரி கேட்டார். பொதுஜனம் என்றார் தகவல். பொதுஜனத்துக்கு விதி ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி விதியம்மாவைப் பார்த்தார். இதுவரை இல்லை என்றார் அவர்.

அரை நாள் துக்கம் கிடைத்த இருவரில் தகவல் ஒருவர். இன்னொருவர் நான், ஜூனியர். எனக்கு முற்பகல். ஒன்றரை மணிக்கு அது முடிந்துவிட்டதால், இறப்பு தம் பென்சிலையும் தண்ணீர்ச் செம்பையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனபோது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.